புறநகர் மரங்களுக்கு எந்தச் சட்டத்தைக் கேட்பது?

எங்கள் தெரு முக்கில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. தாம்பரத்துக்குக் கிழக்கே, வயலும் ஏரிப்புறமுமாகக் கிடந்து பிறகு மனைகளான பகுதி எங்களுடையது. மரத்தை யார் வைத்தது என்று தெருவில் யாருக்கும் தெரியாது. முதலில் வீடு கட்டிக் குடிவந்த மாமி, "நாங்க வரும்போதே கிளை இந்தச் சுவர் வரைக்கும் இருந்தது" என்கிறார். போன மாதம் நானும் எதிர்வீட்டுத் தம்பியும் தையல் நாடாவை எடுத்துப்போய் நெஞ்சு உயரத்தில் அளந்தோம். ஒரு நாடா எட்டவில்லை. இரண்டைச் சேர்த்துப் பிடித்ததில் 9 அடி 4 அங்குலம் வந்தது.

அளந்துகொண்டே அந்தப் பக்கம் சுற்றிப் போனபோதுதான், பட்டையில் சிவப்பு பெயின்ட்டால் 17 என்று எழுதியிருந்ததைப் பார்த்தோம். அது என்ன எண்? மழைநீர் வடிகாலுக்கு அளவெடுக்க வந்தவர்கள் போட்டதா, மரக் கணக்கெடுப்பா, மின்கம்பிக்காகக் கிளை கழிப்பவர்களின் கணக்கா? விசாரிக்கப் போன இடத்தில் ஒரு மேசை இன்னொரு மேசையைக் காட்டியது. கடைசி மேசைக்காரர் அன்று விடுப்பு. அங்கே ஒருவர் மட்டும் நேராகப் பதில் சொன்னார்: "வெட்டுறதா இருந்தாலும் தெருக்காரங்களுக்குச் சொல்லணும்னு ரூல் எதுவும் கிடையாதுங்க."

அவர் சொன்னது மனதில் தங்கிவிட்டது. நலச்சங்கக் கூட்டத்தில் பேசி, அடுத்த பகுதி சபையில் ஒரு மனு கொடுப்பது, அதையே சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புவது என்று முடிவெடுத்தோம். 'மரங்களைக் காக்கச் சட்டம் வேண்டும்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். ஆனால் எந்த மாதிரிச் சட்டம்? டெல்லி, மும்பை, பெங்களூரு என்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. படித்து ஒப்பிட்டுச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. படித்ததையும், நான் எதன் பக்கம் சாய்ந்தேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்ற புறநகர்ச் சங்கங்களுக்கும் உதவும்.

இப்போது நம்மிடம் இருப்பது

தமிழ்நாட்டில் மரச் சட்டமே இல்லை என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஈட்டி மரத்துக்கு 1994-ல் ஒரு சட்டம் வந்தது. சந்தன மரத்தின் மீது வனத்துறையின் கட்டுப்பாடு பழையது. வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதற்கு 1968-ன் விதிகள் உண்டு. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ன் முதல் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மலையில் நிற்கும் மரத்துக்கும் விலை போகும் மரத்துக்கும் காவல் இருக்கிறது. சமவெளியில் ஒரு தெருவில் நிழல் தந்துகொண்டு நிற்கும் வேம்புக்கும் புங்கனுக்கும் தூங்குமூஞ்சிக்கும் இல்லை.

நூறு வருடத்துக்கு முந்தைய நகராட்சிச் சட்டத்தில் மரத்தைப் பற்றி ஒரு பிரிவு இருந்தது. ஆபத்தான நிலையில் இருக்கும் மரத்தைச் சரிசெய்யவோ வெட்டவோ உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரம் அது. மரத்திடமிருந்து மனிதரைக் காக்க நமக்கு எப்போதோ சட்டம் கிடைத்துவிட்டது. மனிதரிடமிருந்து மரத்தைக் காக்கத்தான் இன்னும் வரவில்லை.

2021-ல் அரசு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழுக்களை அமைத்தது. பொது இடத்தில் உள்ள மரத்தை வெட்ட வேண்டுமென்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். வெட்டும் ஒரு மரத்துக்குப் பத்துக் கன்றுகள் நட வேண்டும். இது நல்ல தொடக்கம்தான், இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் இது அரசாணை வழியாக வந்தது. மீறியவரை நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டனை வாங்கித் தரச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் வேண்டும், அரசாணை போதாது. தனியார் மனைக்குள் நிற்கும் மரத்தை இது தொடுவதில்லை. குழு எப்போது கூடியது, எந்த மரத்துக்கு என்ன முடிவு என்று ஒரு தாள் எங்கள் தெருவில் ஒட்டியதை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

புறநகருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சென்னை என்று நாம் வாயால் சொல்லும் ஊர் நிர்வாகத்தில் பல துண்டுகள். தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தில், ஆவடி திருவள்ளூர் மாவட்டத்தில், குன்றத்தூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தாம்பரம் மாநகராட்சியே 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளைச் சேர்த்து உருவானது. சென்னை மாநகராட்சி தன் எல்லைக்குள் நல்ல நடைமுறை ஒன்றைக் கொண்டுவந்தாலும், எல்லைக் கல்லைத் தாண்டி நிற்கும் மரத்துக்கு அது பொருந்தாது. ஆகவே ஊருக்கொரு தீர்மானம் கேட்பதைவிட மாநிலச் சட்டம் கேட்பதே சரி. இதில் சங்கத்தில் எல்லாருக்கும் ஒரே கருத்து.

டெல்லி: எல்லா மரத்துக்கும் அனுமதி

டெல்லியின் மரப் பாதுகாப்புச் சட்டம் 1994-ல் வந்தது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் அடிமரம் 5 சென்டிமீட்டர் விட்டம், மொத்த உயரம் ஒரு மீட்டர். அவ்வளவு இருந்தாலே அது சட்டத்தின் கண்ணில் மரம். அரசு நிலமோ சொந்த நிலமோ, வெட்ட மர அலுவலரின் அனுமதி வேண்டும். அவர் 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது 'வெட்டுதல்' என்ற சொல்லுக்கு அது தரும் பொருள். அடியோடு சாய்ப்பது மட்டும் அல்ல, பட்டையை வளையமாக உரிப்பது, மருந்து வைத்துக் கொல்வது, தீ வைப்பது, வேறு எந்த விதத்தில் சேதப்படுத்துவதும் வெட்டுதலில் அடங்கும். நம் ஊரில் மரத்தைச் சத்தமில்லாமல் சாகடிக்க வேண்டுமென்றால் என்ன செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அடியில் துளை போட்டுப் பெருங்காயத்தை அடைப்பார்கள், இல்லையென்றால் வேரில் ஆசிட் ஊற்றுவார்கள். ஆறு மாதத்தில் 'மரம் தானாகப் பட்டுப்போச்சு' என்று பேச்சு வரும். சட்டம் எழுதுபவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பிடிக்காதது இரண்டு. 60 நாளில் அலுவலர் பதில் தரவில்லை என்றால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்கிறது சட்டம். கோப்பு மேசையில் தூங்கினால் மரம் விழும். அடுத்தது தண்டனை: ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நடைமுறையில் பெரிய கட்டுமானத்துக்கு 1,000 ரூபாய் ஒரு மூட்டை சிமென்ட் சங்கதி மாதிரிதான். 2018-ல் தெற்கு டெல்லியின் அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டுவதற்காகச் சுமார் 14,000 மரங்களை வெட்டப் போவது தெரிந்தபோது, மக்கள் தெருவில் இறங்கி மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தியது. சட்டம் வந்து 24 வருடம் ஆகியிருந்தது. இருந்தும், மக்கள் வந்து நின்ற பிறகே மரங்கள் நின்றன. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், டெல்லியில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட மரங்களை வெட்டத் தன்னுடைய மத்திய அதிகாரக் குழுவின் ஒப்புதலும் வேண்டும் என்று உத்தரவிட்டது. மர அலுவலரின் ஒரு கையெழுத்தை மட்டும் நம்ப முடியாது என்பதுதான் அதன் பொருள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கர்நாடகம்: ஐம்பதுக்கு மேல் போனால்தான் ஊரைக் கேட்பார்கள்

கர்நாடகத்தின் சட்டம் 1976-ல் வந்தது. அங்கேயும் மர அலுவலர், அங்கேயும் அனுமதி. தென்னை, சவுக்கு, யூகலிப்டஸ், சில்வர் ஓக் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பயிராக வளர்த்து வெட்டுவதையெல்லாம் அனுமதிக்குள் இழுத்தால் அலுவலகம் தாங்காது, சரிதான். பொதுத் திட்டத்துக்காக 50 மரங்களுக்கு மேல் வெட்டுவதென்றால் பொது அறிவிப்பு கொடுத்து, 10 நாளுக்குள் ஆட்சேபணை கேட்க வேண்டும் என்ற பிரிவு இருக்கிறது.

பெங்களூருவில் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை எஃகு மேம்பாலம் கட்டப் போய், 812 மரங்கள் போகும் என்று தெரிந்ததும் 2016 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் கைகோத்து மனிதச் சங்கிலி நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தையே கைவிட்டது. முன்கூட்டியே தெரிந்தால் மக்களால் என்ன முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

ஆனால் எங்கள் புறநகருக்கு இந்த 50 என்ற எண் பயன்படாது. இங்கே மரங்கள் ஒன்றும் இரண்டுமாகப் போகின்றன. வடிகால் திரும்பும் இடத்தில் ஒன்று, டிரான்ஸ்பார்மர் வைக்க ஒன்று, புது வீட்டுக்குக் கார் கேட் வைக்க ஒன்று. நான் குடிவந்த 14 வருடத்தில் எங்கள் மூன்று தெருக்களில், புயலில் சாய்ந்தவை போக, வெட்டுக்குப் போன பெரிய மரங்களை விரல் விட்டு எண்ணினால் 11 வருகிறது. ஒரே நாளில் இரண்டு போனதே கிடையாது. எண்ணிக்கையை வைத்துத் தொடங்கும் எந்தக் காவலும் எங்கள் தெருவுக்குள் வராது.

மகாராஷ்டிரம்: மரத்தின் மேலேயே நோட்டீஸ்

நான் அதிக நேரம் உட்கார்ந்து படித்தது மகாராஷ்டிரத்தின் 1975-ம் ஆண்டுச் சட்டத்தை. அது நகர்ப்புறங்களுக்கென்றே எழுதிய சட்டம். ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு மர ஆணையம் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மரக் கணக்கெடுப்பு செய்ய வேண்டும். வெட்ட விண்ணப்பம் வந்தால் மர அலுவலர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும், அந்த மரத்தின் மேலேயே கண்ணில் படும்படி அறிவிப்பு ஒட்ட வேண்டும். அனுமதி கொடுத்த பிறகும் 15 நாள் கழித்தே வெட்டலாம்.

மரத்தின் மேல் ஒரு தாள். படித்தபோது எனக்கு 17 என்ற சிவப்பு எண்தான் நினைவுக்கு வந்தது. அந்த எண் இருந்த இடத்தில் 'இன்ன காரணத்துக்காக இந்த மரத்தை வெட்ட இன்னார் கேட்டிருக்கிறார், இத்தனை தேதிக்குள் ஆட்சேபணை சொல்லலாம், இந்த அலுவலகம்' என்று நாலு வரி இருந்திருந்தால் நாங்கள் மேசை மேசையாக அலைந்திருக்க மாட்டோம். பால் வாங்கப் போகும் பாட்டியும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் அதைப் படித்திருப்பார்கள். இணையதளத்தில் போடும் அறிவிப்பைத் தேடுபவர்தான் பார்ப்பார். மரத்தில் ஒட்டியதை அந்த வழியில் போகிற எல்லாரும் பார்ப்பார்கள்.

2021-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தி 50 வயதுக்கு மேற்பட்ட மரங்களைப் பாரம்பரிய மரங்கள் என்றார்கள். வெட்டும் மரத்துக்கு எத்தனை வயதோ அத்தனை கன்றுகள் ஈடாக நட வேண்டும் என்றார்கள். அபராதம் ஒரு மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உயர்ந்தது. நம் ஊரின் 'ஒன்றுக்குப் பத்து' கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள். மூன்று வயது முருங்கை போனாலும் பத்து, அறுபது வயது தூங்குமூஞ்சி போனாலும் பத்து என்பது எப்படி நியாயமாகும்? வயதுக்கணக்கில் குறைந்தபட்சம் பழைய மரத்துக்குக் கூடுதல் விலை இருக்கிறது. என்றாலும் நடும் கன்று எங்கே போகிறது என்பதே என் கவலை. எங்கள் தெரு நிழலை எடுத்துவிட்டு இருபது கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரையில் அறுபது கன்று வைத்தால், வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு என்ன லாபம்?

மகாராஷ்டிரத்திலும் எல்லாம் நல்லபடி முடிந்துவிடவில்லை. மும்பை ஆரே காலனியில் மெட்ரோ பணிமனைக்காக மரங்களை வெட்டுவதை எதிர்த்த மனுக்களை 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்று இரவே ரம்பங்கள் வந்துவிட்டன. உச்ச நீதிமன்றம் அக்டோபர் 7 அன்று நிறுத்தச் சொல்வதற்குள் 2,141 மரங்கள் போய்விட்டன. 15 நாள் காத்திருக்க வேண்டாமா என்று கேட்டவர்களுக்கு, ஆணையம் அனுமதி தந்த நாளிலிருந்து அந்தக் கெடு ஏற்கனவே முடிந்துவிட்டது என்று மெட்ரோ நிறுவனம் சொன்னது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கும்போது கெடு ஓடக் கூடாது, தீர்ப்பு வந்த பிறகு மேல்முறையீட்டுக்குச் சில நாளாவது விட வேண்டும், இரவில் வெட்டக் கூடாது என்று நம் சட்டத்தில் எழுதிவிட்டால் இந்த ஓட்டை அடைபடும். ஆரேயில் நின்றவர்கள் கொடுத்த விலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்.

கடல் தாண்டி இரண்டு ஊர்கள்

இங்கிலாந்தில் குறிப்பிட்ட ஒரு மரத்துக்கு, அல்லது ஒரு கூட்டம் மரங்களுக்கு, உள்ளூர் கவுன்சில் பாதுகாப்பு ஆணை போடலாம். ஆணை போட்ட அன்றே தற்காலிகமாக அமலுக்கு வந்துவிடும். ஆறு மாதத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும். அதன்பிறகு உரிமையாளரே ஆனாலும் அனுமதி இல்லாமல் கிளை கழிக்க முடியாது. மரத்தையே அழித்தால் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. நல்ல பலமான காவல், ஆனால் பட்டியலில் இருக்கும் மரத்துக்கு மட்டும். 2025 ஏப்ரலில் லண்டனின் வடக்குப் புறநகரான என்ஃபீல்டில், ஐந்நூறு வயது வரை இருக்கும் என்று சொல்லப்பட்ட ஓக் மரம் ஒன்றை ஒரு உணவகத்தின் வாகன நிறுத்தத்தை ஒட்டி வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அது பட்டுப்போன மரம் என்று சொன்னார்கள். கவுன்சிலும் மர வல்லுநர்களும் மறுத்தார்கள். பாதுகாப்பு ஆணை போட்டது மரம் சாய்ந்த பிறகுதான். பட்டியல் முறையில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கும்.

ஆனால் இங்கிலாந்தில் இன்னொரு சிறிய விதி இருக்கிறது. பாரம்பரியப் பகுதி என்று குறித்த இடங்களில், பட்டியலில் இல்லாத மரமானாலும், உரிமையாளர் வெட்டுவதற்கு ஆறு வாரம் முன்பு கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். அனுமதி கேட்கத் தேவையில்லை, தெரிவித்தால் போதும். அந்த ஆறு வாரத்துக்குள் கவுன்சில் வந்து பார்த்து, மரம் முக்கியம் என்று நினைத்தால் ஆணை போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் அவர் வெட்டிக்கொள்ளலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

சிங்கப்பூரில் அளவுகோல் நாடாதான். மரப் பாதுகாப்புப் பகுதிகளில் சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். சொந்த வீட்டுத் தோட்டமானாலும் அப்படித்தான். மீறினால் 50,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். இந்த எளிமை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மரத்தின் வயதைச் சொல்ல நிபுணர் வேண்டும், வகையைச் சொல்லவும் கொஞ்சம் படிப்பு வேண்டும். சுற்றளவை யாரும் அளக்கலாம். நாங்கள் எங்கள் மூன்று தெருக்களையும் அளந்து பார்த்தோம். மொத்தம் 143 மரங்கள், அதில் 61 ஒரு மீட்டருக்கு மேல். டெல்லிக் கணக்கில் 143-க்கும் விண்ணப்பம் எழுத வேண்டும். சிங்கப்பூர்க் கணக்கில் 61. முக்கியமான வேம்பும் நாவலும் பூவரசும் இரண்டிலும் காப்பாற்றப்படுகின்றன.

வீட்டு மரம்தான் கஷ்டமான கேள்வி

சங்கக் கூட்டத்தில் சண்டை வந்தது இந்த இடத்தில்தான். பொது இடத்து மரத்துக்குக் கடுமையான சட்டம் என்றபோது எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டுக் காம்பவுண்டுக்குள் நிற்கும் மரம் என்றதும் குரல்கள் உயர்ந்தன. "என் அப்பா வச்ச வேம்பு. மாடி எடுக்கும்போது நான் யாரைக் கேக்கணும்?" என்றார் ஒருவர். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவர் ஒன்றும் மரத்தை வெறுப்பவர் இல்லை. ஒவ்வொரு பங்குனியிலும் அந்த வேம்பின் பூவைத் தெருவுக்கே ரசம் வைக்கக் கொடுப்பவர்.

இன்னொருவர் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது: "சட்டம் வரப்போகுதுன்னா, வர்றதுக்கு முன்னாடியே வெட்டிடணும்." இதைச் சொல்ல அவர் தயங்கவே இல்லை. கடுமையான சட்டத்தின் விளைவு இப்படியும் இருக்கும். ஒரு மீட்டர் என்று கோடு போட்டால் 90 சென்டிமீட்டரில் வெட்டிவிடுவார்கள். புதிதாக வீடு கட்டுபவர் பெரிதாக வளரும் மரத்தை வைக்கவே மாட்டார், தொட்டியில் குரோட்டன்ஸ் போதும் என்று இருந்துவிடுவார். கேரளம் 2005-ல் கொண்டுவந்த சட்டத்துக்குப் பெயரே மரம் வளர்ப்பை ஊக்குவிப்பது. சந்தனம், ஈட்டி போன்ற சில வகைகளை மட்டும் கட்டுப்பாட்டில் வைத்துவிட்டு, மற்றபடி தன் நிலத்தில் வளர்த்த மரத்தை வெட்டும் உரிமையை உரிமையாளரிடமே விட்டது. வெட்ட முடியும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் நடுவார்கள் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. தேக்கு வளர்க்கும் விவசாயிக்கு அது பொருந்தும். ஆறு சென்ட் மனைக்கு முழுதாகப் பொருந்தாது, இங்கே யாரும் தடி விற்கப் போவதில்லை. என்றாலும் அந்தப் பயம் இங்கேயும் உண்மை.

இங்கேதான் இங்கிலாந்தின் ஆறு வாரத் தெரிவிப்பு எனக்கு வழிகாட்டியது. வீட்டு மரத்துக்கு அனுமதி வேண்டாம், தெரிவித்தால் போதும் என்று வைப்போம். ஒரு மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட நினைப்பவர் மர அலுவலருக்கு எழுதுகிறார். நான்கு வாரத்துக்குள் அலுவலர் வந்து பார்க்க வேண்டும். அவர் வரவில்லை என்றால் வெட்டலாம். வந்து பார்த்து, இது காக்க வேண்டிய மரம் என்று நினைத்தால், காரணத்தை எழுத்தில் தந்து நிறுத்தலாம். அப்படி நிறுத்தினால் அந்த வீட்டுக்குச் சொத்து வரியில் ஏதாவது சலுகை தர வேண்டும். தெருவின் நன்மைக்காக ஒருவர் தன் மனையில் இடம் விடுகிறார் என்றால் தெருவும் அவருக்கு ஏதாவது தரத்தானே வேண்டும்.

பொது இடத்து மரத்துக்கு இதைத் தலைகீழாக வைக்க வேண்டும். அலுவலர் பதில் தரவில்லை என்றால் அனுமதி இல்லை என்றுதான் பொருள். டெல்லிச் சட்டம் இரண்டுக்கும் ஒரே விதி போட்டது. அதில்தான் தவறு என்று எனக்குப் படுகிறது. குடிமகன் கேட்டு அரசு தூங்கினால் குடிமகனுக்குச் சாதகமாக இருக்கட்டும். அரசே அரசிடம் கேட்டுத் தூங்கினால் மரத்துக்குச் சாதகமாக இருக்கட்டும். இந்த இரண்டு வரியைச் சொன்னதும் கூட்டத்தில் சண்டை பாதி அடங்கியது.

சாய்கிற மரமும் சாகிற வேரும்

மரத்தைக் கண்டு பயப்படுபவர்களையும் நான் புரிந்துகொள்கிறேன். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்து முடிந்தபோது எங்கள் தெருவிலிருந்து பிரதான சாலைக்குப் போக நாலு மரங்களை ஏறித் தாண்ட வேண்டியிருந்தது. 2022 ஜூனில் சென்னை கே.கே.நகரில் ஒரு பெரிய மரம் காரின் மேல் சாய்ந்து ஒரு பெண் இறந்துபோனார். அருகில் மழைநீர் வடிகால் வேலை நடந்துகொண்டிருந்தது. அதுதான் காரணமா இல்லையா என்று பல நாள் விவாதம் நடந்தது. உயிர் போன பிறகு மரத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கும். ஆகவே உடனடி ஆபத்தில் இருக்கும் மரத்தை உடனே அகற்ற எந்தச் சட்டமும் வழி விட வேண்டும். டெல்லிச் சட்டத்தில் அது இருக்கிறது: அகற்றிவிட்டு 24 மணி நேரத்துக்குள் மர அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். வெட்டும் முன் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆனால் ஏன் சாய்கிறது என்பதையும் கேட்க வேண்டும். போன வருடம் எங்கள் பக்கத்துத் தெருவில் கேபிள் புதைக்கப் பள்ளம் எடுத்தார்கள். ஜேசிபியின் வாளி ஒரு புங்க மரத்தின் வேரை அப்படியே வெட்டி எடுத்தது. என் மணிக்கட்டு கனத்தில் மூன்று வேர்கள், வெட்டு வாயில் ஈரம் கசிந்துகொண்டு பள்ளத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. மறுநாள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். மேலே இருந்து பார்ப்பவருக்கு மரம் நன்றாகவே தெரியும். அடுத்த புயலில் அது எந்தப் பக்கம் விழும் என்று அந்த வேரைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த பக்கம் பேவர் பிளாக் கல்லை அடிமரம் வரை நெருக்கிப் பதித்திருக்கிறார்கள், தண்ணீர் இறங்க விரல் இடமில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது, இருப்பதை எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மரத்துக்கு உயிர் அந்த ஒரு மீட்டரில்தான் இருக்கிறது. வெட்டுவதைத் தடுத்துவிட்டு வேரை விட்டுவிடும் சட்டம் புறநகரில் பாதி வேலைகூடச் செய்யாது.

கடைசியில் நாங்கள் எழுதியது

முழுதாக ஒரு மாநிலத்தின் சட்டத்தைப் பிரதி எடுக்கச் சொல்லவில்லை. அடித்தளம் மகாராஷ்டிரச் சட்டம்: கணக்கெடுப்பு, மரத்தின் மேல் அறிவிப்பு, 15 நாள் காத்திருப்பு. அதில் வழக்கு நடக்கும்போது கெடு ஓடாது, இரவில் வெட்டக் கூடாது என்று இரண்டு சேர்க்கை. ஆனால் பெரிய ஆணையம் வேண்டாம் என்று எழுதினோம். சின்ன மாநகராட்சிகளில் கூட்டம் கூடவே மாதக்கணக்காகும்; கர்நாடகத்தைப் போலப் பெயரும் கையெழுத்தும் உள்ள ஒரு மர அலுவலர் போதும். அவர் வனத்துறையிலிருந்து வரட்டும். வடிகால் கட்டும் பிரிவே தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் முடிவை எதிர்த்து மாவட்டப் பசுமைக் குழுவுக்கு மேல்முறையீடு போகலாம், இருக்கும் குழுவுக்கும் ஒரு நல்ல வேலை கிடைக்கும். எல்லையாகச் சிங்கப்பூரின் ஒரு மீட்டர் சுற்றளவு. சீமைக்கருவேலத்துக்கும் தென்னை, முருங்கை, சவுக்குக்கும் விலக்கு. 'வெட்டுதல்' என்பதற்கு டெல்லியின் விரிந்த பொருள், அதில் வேர் வெட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்தோம். வீட்டு மரத்துக்கு நான்கு வாரத் தெரிவிப்பு. ஈட்டுக் கன்றுகளை அதே வார்டுக்குள், மூன்று வருடம் தண்ணீர் ஊற்றும் பொறுப்போடு.

இதற்கெல்லாம் வருடங்கள் ஆகலாம். அதுவரை என்ன செய்வது என்றும் பேசினோம். உயர் நீதிமன்றத்துக்குப் போவது ஒரு வழி, ஆனால் வழக்கறிஞரைப் பிடித்து மனு எண்ணாகும் நேரத்துக்குள் ரம்பம் வேலையை முடித்துவிடும். எந்த மரத்துக்கு ஆபத்து என்று முன்பே தெரிந்தால்தான் அந்த வழி உதவும். சட்டம் தேவைப்படாத ஒன்றை ஆணையரே நாளைக்குச் செய்யலாம். பொது இடத்து மரத்தை வெட்டும் முன் அதன் மேல் 15 நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று தன் ஒப்பந்ததாரர்களுக்கு ஒரு சுற்றறிக்கை, அவ்வளவுதான். மனுவின் முதல் பத்தியில் அதை வைத்தோம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் பகுதியில் ஓர் அரச மரம் நடுரோட்டில் நிற்கிறது, சாலையே அதைச் சுற்றி வளைந்து போகிறது. அடியில் மஞ்சள் துணி கட்டி இரண்டு நாகர் சிலை வைத்திருக்கிறார்கள், அதை யாரும் தொடவில்லை. புங்கனுக்கும் தூங்குமூஞ்சிக்கும் மஞ்சள் துணி கிடையாது. அவற்றுக்கு அந்த ஒரு தாளைத்தான் கேட்கிறோம்.

மனுவில் இதுவரை 212 கையெழுத்து. "யாரைக் கேக்கணும்" என்று கேட்ட வேம்பு வீட்டுக்காரரும் போட்டிருக்கிறார். 17 என்ற எண்ணை யார், எதற்காகப் போட்டார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். 30 நாள் கெடுவில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி.